எடை ஏறுகிறது, எண் ஏறவில்லை

10 கிலோ வரை நிறுக்கும் ஒரு லோடு செல். அதன் சிக்னல் ஒரு சிறிய பெருக்கிச் சுற்றுக்குப் போகிறது. சுற்றின் வெளியீட்டில் ஒரு மல்டிமீட்டர். தட்டில் 1 கிலோ வைத்தால் 0.3 வோல்ட் காட்டுகிறது. 2 கிலோவுக்கு 0.6, 5 கிலோவுக்கு 1.5, 6 கிலோவுக்கு 1.8 என்று ஒழுங்காக ஏறிக்கொண்டே வருகிறது. ஏழாவது கிலோவை வைத்ததும் 2 வோல்ட்டில் நின்றுவிடுகிறது. அதன் பிறகு 8, 9, 10 என்று எதை ஏற்றினாலும் அதே 2 வோல்ட்தான்.

சுற்றுக்குக் கொடுத்திருக்கும் சப்ளை 5 வோல்ட். பயன்படுத்திய ஐ.சி. 5 வோல்ட் சப்ளையில் 3.5 வோல்ட் வரை வெளியீடு தரும் என்று டேட்டாஷீட் சொல்கிறது. 10 கிலோவுக்கு நமக்குத் தேவை 3 வோல்ட். கணக்குப்படி அரை வோல்ட் மிச்சமே இருக்க வேண்டும். அப்படியிருக்க 2 வோல்ட்டில் எது தடுக்கிறது?

இப்படிப்பட்ட நேரத்தில் பலர் முதலில் ஐ.சி.யை மாற்றுவார்கள். புது ஐ.சி.யும் 2 வோல்ட்டிலேயே நிற்கும். அடுத்து லோடு செல்லைச் சந்தேகிப்பார்கள். அதன் கம்பிகளை நேரடியாக அளந்தால் 10 கிலோவுக்கு 10 மில்லிவோல்ட் சரியாக வந்துகொண்டிருக்கும். பாகங்கள் எல்லாம் நன்றாக இருக்கின்றன, ஒயரிங்கில் பிழை இல்லை, ஆனாலும் சுற்று தவறான எண்ணைக் காட்டுகிறது. மின்னணுவியலில் கற்றுக்கொள்ள இதைவிடப் பயனுள்ள கோளாறு அதிகம் இல்லை என்பது என் எண்ணம். ஆகவே இதை அவசரப்படாமல் பிரித்துப் பார்ப்போம்.

லோடு செல்லின் உள்ளே இருப்பது, பள்ளி இயற்பியலில் நாம் எல்லோரும் வரைந்த வீட்ஸ்டோன் சமனச்சுற்று. 1833இல் சாமுவேல் ஹன்டர் கிறிஸ்டி விவரித்து, 1843இல் சார்லஸ் வீட்ஸ்டோன் பரவலாக அறியச் செய்த அதே நான்கு மின்தடைகள். 1938இல் அமெரிக்காவில் எட்வர்ட் சிம்மன்ஸும் ஆர்தர் ரூஜும் தனித்தனியாக ஸ்ட்ரெயின் கேஜைக் கண்டுபிடித்த பின், அந்த மின்தடைகள் உலோகத்தின் மேல் ஒட்டப்பட்டன. எடை ஏறினால் உலோகம் கண்ணுக்குத் தெரியாத அளவு வளைகிறது, மின்தடை சிறிது மாறுகிறது, சமநிலை குலைகிறது. நம் லோடு செல்லின் உணர்திறன், ஊட்டும் ஒவ்வொரு வோல்ட்டுக்கும் 2 மில்லிவோல்ட். 5 வோல்ட் ஊட்டினால் முழு எடையில் 10 மில்லிவோல்ட் வரும்.

இந்த 10 மில்லிவோல்ட், இரண்டு வெளியீட்டுக் கம்பிகளுக்கு இடையே உள்ள வித்தியாசம். அந்தக் கம்பிகள் ஒவ்வொன்றும் கிரவுண்டிலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கின்றன என்று தனியாக அளந்து பார்த்தால் ஒன்று 2.505 வோல்ட், மற்றது 2.495 வோல்ட். சமனச்சுற்றின் நடுப்புள்ளிகள் சப்ளையில் பாதியில்தான் உட்காரும். இரண்டுக்கும் பொதுவான இந்த 2.5 வோல்ட்டைப் பொது மின்னழுத்தம் என்போம். நமக்கு வேண்டிய செய்தியைப்போல 250 மடங்கு பெரியது அது. செய்தி ஏதும் இல்லாதது. அதை ஒதுக்கிவிட்டு வித்தியாசத்தை மட்டும் பெருக்குவதற்காகவே இன்ஸ்ட்ருமென்டேஷன் ஆம்ப்ளிஃபையர் என்ற சுற்று இருக்கிறது. சுருக்கமாக இன்-ஆம்ப்.

அதன் வழக்கமான வடிவத்தில் மூன்று ஆப்-ஆம்ப்கள் உண்டு. முதல் இரண்டை அ, ஆ என்று அழைப்போம். லோடு செல்லின் ஒரு கம்பி அ-வுக்கும் மற்றது ஆ-வுக்கும் போகிறது. இரண்டுக்கும் பின்னூட்டமாக 150 கிலோ ஓம் மின்தடை ஒவ்வொன்று. இரண்டின் எதிர்மறை உள்ளீடுகளையும் இணைப்பது 1 கிலோ ஓம் மின்தடை ஒன்று. இந்தக் கடைசி மின்தடையை ஆர்ஜி என்பார்கள். பெருக்கத்தைத் தீர்மானிப்பது அதுதான்: 1 + 300/1, அதாவது 301 மடங்கு. மூன்றாவது ஆப்-ஆம்பான இ, அ-வின் வெளியீட்டிலிருந்து ஆ-வின் வெளியீட்டைக் கழித்துக் கொடுக்கிறது. நான்கு 100 கிலோ ஓம் மின்தடைகள் அந்தக் கழித்தலைச் செய்கின்றன. 10 மில்லிவோல்ட்டை 301ஆல் பெருக்கினால் 3.01 வோல்ட். மூன்று ஆப்-ஆம்ப்களும் ஒரே எல்எம் 324 ஐ.சி.யில் அடங்கிவிடும். நான்காவது சும்மா இருக்கும். அதற்கு ஒரு வேலை பிறகு வருகிறது.

எல்லோரும் பார்ப்பது இ-யின் வெளியீட்டை. கேள்விக்கு விடை அ-விடம் இருக்கிறது.

அ, ஆ இரண்டும் வித்தியாசத்தை 301 மடங்கு பெருக்குகின்றன; பொது மின்னழுத்தத்தைத் தொடுவதில்லை. அந்த 2.5 வோல்ட் அப்படியே அவற்றின் வெளியீட்டுக்கும் வந்துவிடுகிறது. பெருக்கப்பட்ட 3.01 வோல்ட் அதன் இருபுறமும் பாதிப்பாதியாகப் பிரிகிறது. அ-வின் வெளியீடு 2.5 + 1.505, அதாவது ஏறத்தாழ 4 வோல்ட்டுக்கு மேலேற வேண்டும். ஆ-வின் வெளியீடு 1 வோல்ட்டுக்குக் கீழிறங்க வேண்டும். ஆனால் எல்எம் 324இன் கூரை, சப்ளைக்கு 1.5 வோல்ட் கீழே இருக்கிறது. 5 வோல்ட் சப்ளையில் அது 3.5 வோல்ட். அ-வால் 4 வோல்ட்டை எட்டவே முடியாது.

எப்போது முட்டுகிறது? 2.5இலிருந்து 3.5க்கு 1 வோல்ட்தான் இடம். உள்ளீட்டின் ஒவ்வொரு மில்லிவோல்ட்டுக்கும் அ 0.15 வோல்ட் ஏறுகிறது. 6.6 மில்லிவோல்ட்டில், அதாவது 6.6 கிலோவில், இடம் தீர்ந்துவிடுகிறது. அந்தக் கணத்தில் அ 3.5இலும் ஆ 1.5இலும் இருக்கின்றன. இ உண்மையாகவே கழித்து 2 வோல்ட் என்று சொல்கிறது. இ-யின் மேல் எந்தக் குற்றமும் இல்லை.

அதற்குப் பிறகும் ஆ கீழே இறங்கிக்கொண்டே போகலாமே, வெளியீடு மெதுவாகவாவது ஏறலாமே என்று தோன்றலாம். ஏறாது. அ முட்டிய பின் அதன் பின்னூட்டம் அறுந்ததுபோல் ஆகிறது. ஆர்ஜியின் அந்த முனை அ-வின் உள்ளீட்டைப் பின்தொடர்வதை நிறுத்திவிடுகிறது. ஆர்ஜி வழியே ஓடும் மின்னோட்டம் அப்படியே நிலைத்துவிடுகிறது. ஆ-வின் வெளியீட்டைத் தள்ளுவது அந்த மின்னோட்டம்தான் என்பதால் அதுவும் நின்றுவிடுகிறது. இரண்டும் சேர்ந்தே உறைகின்றன. அதனால்தான் வரம்பு சாய்வாக இல்லாமல், வெட்டி வைத்ததுபோல் தட்டையாக இருக்கிறது.

இதிலிருந்து மனத்தில் வைத்துக்கொள்ளத் தக்க ஒரு சூத்திரம் கிடைக்கிறது. பெருக்கம் அதிகமாக உள்ள மூன்று ஆப்-ஆம்ப் சுற்றில், உள்ளே முட்டுவதால் வரும் வெளியீட்டு வரம்பு, உள் கூரைக்கும் பொது மின்னழுத்தத்துக்கும் உள்ள இடைவெளியைப்போல் இரண்டு மடங்கு. நம் கணக்கில் 2 × (3.5 − 2.5) = 2 வோல்ட். இந்தச் சூத்திரத்தில் பெருக்கமே இல்லை என்பதைக் கவனியுங்கள். ஆர்ஜியை மாற்றி 601 மடங்கு ஆக்கினாலும் வெளியீடு அதே 2 வோல்ட்டில்தான் நிற்கும்; 6.6 கிலோவுக்குப் பதில் 3.3 கிலோவிலேயே நிற்கும், அவ்வளவுதான்.

குற்றவாளி யார் என்று உறுதி செய்வது

ஊகம் சரியாக இருக்கிறது என்பதற்காக அதை நம்பிவிடக் கூடாது. 2 வோல்ட்டில் ஒரு சுற்று நிற்க வேறு காரணங்களும் உண்டு. அவற்றைப் பிரித்தறிய எனக்கு மிகவும் பிடித்த சோதனை, ரெஃபரன்ஸ் முனையை நகர்த்துவது. இ-யின் கழித்தல் வலையில் ஒரு மின்தடை கிரவுண்டுக்குப் போகிறதே, அந்த முனையைக் கிரவுண்டிலிருந்து எடுத்து 0.5 வோல்ட் கொடுங்கள். சும்மா இருக்கும் நான்காவது ஆப்-ஆம்பை இதற்கு பஃபராகப் பயன்படுத்தலாம். இப்போது வெற்றுத் தட்டில் வெளியீடு 0.5 காட்டும். எடையை ஏற்றிக்கொண்டே போங்கள். வரம்பும் 2இலிருந்து 2.5க்கு நகர்ந்தால், முட்டுவது உள்ளே. அ, ஆ இரண்டில் ஒன்று. வரம்பு நகராமல் அதே இடத்தில் நின்றால், முட்டுவது இ அல்லது இ-க்குப் பின்னால் இணைத்திருக்கும் ஏதோ ஒன்று. ஐந்து நிமிட வேலை, ஐ.சி. மாற்ற வேண்டியதில்லை, சுற்றில் பாதி சந்தேகம் நீங்கிவிடும்.

அடுத்தது, பொது மின்னழுத்தத்தை நகர்த்துவது. லோடு செல்லின் நேர்மின் ஊட்டுக் கம்பியில் 39 ஓம் மின்தடை ஒன்றைத் தொடரில் சேருங்கள். லோடு செல் 350 ஓம் என்றால் அதற்கு இப்போது 4.5 வோல்ட்தான் கிடைக்கும். பொது மின்னழுத்தம் 2.25க்கு இறங்கும். சிக்னலும் பத்தில் ஒரு பங்கு குறையும். ஆனால் வெளியீட்டு வரம்பு 2இலிருந்து 2.5க்கு உயர்ந்துவிடும். சென்சாருக்குக் கொடுத்ததைக் குறைத்தோம், வெளியீட்டின் உச்சம் கூடிவிட்டது. உள்முட்டல் என்ற விளக்கம் இல்லாமல் இந்த முடிவைப் புரிந்துகொள்ளவே முடியாது. கால் வோல்ட் இறங்கியதற்கு அரை வோல்ட் கூடியது, சூத்திரத்தில் உள்ள அந்த இரண்டு மடங்கு.

நாமே அடுக்கிய சுற்றில் அ-வின் வெளியீட்டில் மீட்டரை நேரடியாக வைத்துவிடலாம். ஒரே ஐ.சி.யாக வரும் இன்-ஆம்ப்களில் அந்த முனை வெளியே தெரியாது. ஆனால் ஆர்ஜியை இணைப்பதற்காக இரண்டு பின்கள் வெளியே வந்திருக்கும். ஏடி 620இல் அவை 1ஆம், 8ஆம் பின்கள். எல்லாம் சரியாக இயங்கும்போது ஆர்ஜியின் குறுக்கே இருக்கும் மின்னழுத்தம், உள்ளீட்டு வித்தியாசத்துக்குச் சமமாக இருக்கும். உள்ளே முட்டிவிட்டால் இந்தச் சமம் குலையும். நம் சுற்றில் 10 கிலோ வைத்தால் உள்ளீட்டில் 10 மில்லிவோல்ட் இருக்கும்; ஆர்ஜியின் குறுக்கே 6.6தான் இருக்கும். மூடிய ஐ.சி.க்குள் எட்டிப் பார்க்க இதைவிட நல்ல சன்னல் கிடையாது. பல கையேடுகள் இதைச் சொல்வதே இல்லை என்பது வருத்தமான விஷயம்.

தரையும் தடுக்கும்

கூரையைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தோம். கீழ்ப்பக்கத்திலும் வரம்பு உண்டு. எல்எம் 324 ஏறத்தாழ 0 வோல்ட் வரை இறங்கும் என்பது உண்மை. அதில் ஒரு நிபந்தனை ஒளிந்திருக்கிறது. சுமார் 0.6 வோல்ட்டுக்குக் கீழே அதன் வெளியீடு வழக்கமாக 50 மைக்ரோஆம்பியர் அளவு மின்னோட்டத்தைத்தான் உள்வாங்கும். கழித்தல் வலையில் 100 கிலோ ஓம் போட்டதற்குக் காரணம் இதுதான். பாடப்புத்தகப் படத்தில் இருப்பதுபோல் 10 கிலோ ஓம் போட்டிருந்தால், வெற்றுத் தட்டில் ஆ-விலிருந்து அந்த மின்தடைகள் வழியே 100 மைக்ரோஆம்பியருக்கு மேல் இ-யின் வெளியீட்டுக்குள் பாயப் பார்க்கும். இ-யால் அதை விழுங்க முடியாது. வெளியீடு அரை வோல்ட்டுக்கு மேலேயே தொங்கிக்கொண்டிருக்கும், முதல் ஒன்றிரண்டு கிலோ காணாமல் போகும்.

ஏடி 620ஐ 5 வோல்ட் ஒற்றைச் சப்ளையில் போடுபவர்களுக்கும் இதே அனுபவம் வேறு எண்களில் கிடைக்கும். அதன் வெளியீடு கீழ்ச் சப்ளைக்கு 1.1 வோல்ட் மேலேதான் தொடங்குகிறது. மேல் சப்ளைக்கு 1.2 வோல்ட் கீழே முடிகிறது. 5 வோல்ட்டில் பயன்படும் பகுதி 1.1 முதல் 3.8 வரை மட்டுமே. ரெஃபரன்ஸ் பின்னைக் கிரவுண்டில் கட்டிவிட்டுப் பூஜ்யத்தை எதிர்பார்த்தால், பூஜ்யம் வரவே வராது. அது ± சப்ளைக்காகப் பிறந்த அருமையான ஐ.சி. ஒற்றைச் சப்ளை வேண்டுமென்றால் அதே நிறுவனத்தின் ஏடி 623 போன்றவை இருக்கின்றன.

எல்லாவற்றிலும் ஆபத்தான வரம்பு, வரம்பாகவே தெரியாத வரம்பு. உள்ளீடுகள் இரண்டும் மிக உயரத்துக்குப் போய், அ-வும் ஆ-வும் இரண்டுமே கூரையில் முட்டிவிட்டால் என்ன ஆகும்? இரண்டும் ஒரே உயரம். இ கழித்துப் பார்த்துப் பூஜ்யம் என்று சொல்லும். ஐஎன்ஏ 128இன் டேட்டாஷீட் இதை வெளிப்படையாகவே எச்சரிக்கிறது: உள்ளீடு எல்லை மீறியிருக்கும்போதும் வெளியீடு இயல்பாகத் தோன்றலாம். கம்பி அறுந்த ஓர் அழுத்த சென்சார், அழுத்தமே இல்லாத ஒரு குழாயைப்போல் தோற்றம் அளிக்கும். பாதுகாப்புக்காக வைக்கும் கருவிகளில் வெளியீட்டை மட்டும் நம்பாமல், பொது மின்னழுத்தத்தையும் தனியாகக் கண்காணிக்க வேண்டும் என்று நான் அழுத்திச் சொல்வது இதனால்தான்.

கிரவுண்டோடு எந்தத் தொடர்பும் இல்லாமல் மிதக்கும் சென்சார்கள் இதே பள்ளத்தில் விழுகின்றன. தெர்மோகப்பிளின் இரண்டு கம்பிகளை மட்டும் இன்-ஆம்பில் செருகினால், உள்ளீடுகளுக்குத் தேவையான நானோஆம்பியர் அளவு மின்னோட்டம் திரும்பிப் போக வழி இருக்காது. 1 நானோஆம்பியர் சின்னதுதான். 100 பிகோஃபாரட் கேபிளை அது ஒரு வினாடிக்கு 10 வோல்ட் வேகத்தில் நிரப்பிவிடும். சுவிட்ச் போட்ட சிறிது நேரத்தில் இரு உள்ளீடுகளும் ஏதோ ஒரு சப்ளையில் போய் ஒட்டிக்கொள்ளும். கம்பியைக் கையால் தொட்டால் அளவீடு உயிர் பெறுவதும், விட்டால் செத்துப்போவதும் இதன் அடையாளம். தொட்ட உடம்பு வழியாக மின்னோட்டத்துக்கு ஒரு பாதை கிடைக்கிறது. ஓர் உள்ளீட்டிலிருந்து கிரவுண்டுக்கு, ± சப்ளை உள்ள சுற்றில், 10 கிலோ ஓம் ஒன்றைப் போட்டால் கோளாறு தீர்ந்தது.

இதயத் துடிப்பை வரையும் இ.சி.ஜி. கருவியில் சிக்கல் வேறு விதமாக வருகிறது. இதயத்தின் சிக்னல் 1 மில்லிவோல்ட் அளவு. ஆயிரம் மடங்கு பெருக்கினால் 1 வோல்ட், நல்ல எண் என்று தோன்றும். ஆனால் தோலும் எலெக்ட்ரோடும் சேருமிடத்தில் ஒரு சிறு மின்கலமே உருவாகிறது. இரண்டு எலெக்ட்ரோடுகளுக்கு இடையே ±300 மில்லிவோல்ட் வரை நிலையான வித்தியாசத்தை இ.சி.ஜி. கருவி தாங்க வேண்டும் என்று தரநிலைகள் கேட்கின்றன. ஆயிரத்தால் பெருக்கினால் அது 300 வோல்ட். இங்கே பொது மின்னழுத்தம் குற்றவாளி அல்ல. வித்தியாசத்திலேயே தேவையற்றது கலந்திருக்கிறது. ஆகவே முதல் கட்டத்தில் ஐந்து, பத்து மடங்கோடு நிறுத்தி, ஒரு கெப்பாசிட்டரால் நிலையான பகுதியை வடிகட்டிவிட்டு, அதன் பிறகே மீதியைப் பெருக்குவது பலகாலமாக நிலைத்த வழக்கம். நம் எடை இயந்திரத்திலும் இதன் சிறிய வடிவம் உண்டு. எல்எம் 324இன் ஆஃப்செட் வழக்கமாக 2 மில்லிவோல்ட். 301ஆல் பெருக்கினால் 0.6 வோல்ட். எடை வைக்கும் முன்பே இருக்கிற இடத்தில் ஒரு பகுதியை அது தின்றுவிடக்கூடும். மேலே சொன்ன எண்களை எளிமைக்காக ஆஃப்செட் இல்லாமல் கொடுத்திருக்கிறேன். உங்கள் மேசையில் அவை சற்று விலகும்.

இ-க்குப் பின்னால் உள்ள காரணங்களை வேகமாகச் சொல்லிவிடலாம். 3.3 வோல்ட் மைக்ரோகன்ட்ரோலரின் ஏ.டி.சி. பின், அதைவிடச் சில நூறு மில்லிவோல்ட் அதிகமானால் உள் டையோடு வழியே சிக்னலைப் பிடித்து நிறுத்திவிடும். அந்தக் கம்பியைக் கழற்றிவிட்டு அளந்தால் உண்மை தெரியும். வெளியீட்டில் மின்தடை குறைவான சுமை இருந்தால் மின்னோட்டம் போதாமல் வரம்பு இறங்கும். பிரெட்போர்டில் சப்ளைக் கம்பி தளர்ந்திருந்தால் ஐ.சி.க்கு 5 வோல்ட்டே போய்ச் சேர்ந்திருக்காது; அதனால் சப்ளையை எப்போதும் ஐ.சி.யின் பின்னிலேயே அளக்க வேண்டும்.

நம் 2 வோல்ட்டை 3க்கு மேல் தூக்குவது எப்படி? பல வழிகள் உண்டு, எல்லாவற்றுக்கும் விலை உண்டு. லோடு செல்லின் மேலே 39க்குப் பதில் 150 ஓம் போட்டால் லோடு செல்லுக்கு 3.5 வோல்ட், பொது மின்னழுத்தம் 1.75. அது எல்எம் 324இன் கூரைக்கும் தரைக்கும் சரியாக நடுவில். ஆர்ஜியை 680 ஓம் ஆக்கினால் 10 கிலோவுக்கு 3.1 வோல்ட் வந்துவிடும். சிக்னல் 7 மில்லிவோல்ட்டாகக் குறைந்ததுதான் விலை. முதல் கட்டத்தில் 30 மடங்கு, இ-யில் 10 மடங்கு என்று பெருக்கத்தைப் பிரித்துவிட்டால் அ-வுக்கு நிறைய இடம் கிடைக்கும். ஆனால் பொது மின்னழுத்தம் இ-யின் மின்தடைப் பொருத்தமின்மை வழியே கசிவது கூடும். 1 சதவீத மின்தடைகளை வைத்துக்கொண்டு இதைச் செய்ய நான் பரிந்துரைக்க மாட்டேன். ஐ.சி.க்கு மட்டும் 12 வோல்ட் கொடுத்தால் கூரை 10.5க்குப் போய்விடும், அப்போது பின்னால் இருக்கும் ஏ.டி.சி.யைக் காப்பாற்ற வேண்டும். இவற்றில் எனக்குச் சரியாகப் படுவது, சப்ளையின் இரு முனைகள் வரை வெளியீடு ஆடக்கூடிய ஆப்-ஆம்புக்கு மாறுவது. எம்சிபி 6004 அதே பின் வரிசையில் வருகிறது, 6 வோல்ட்டைத் தாண்டாமல் பார்த்துக்கொண்டால் போதும். எல்எம் 324ஐப் பிடுங்கிவிட்டு அதைச் செருகினால் அ தடையின்றி 4 வோல்ட்டைத் தொடும்.

இன்-ஆம்பை ஒரே ஐ.சி.யாக வாங்குபவர்கள் இந்தக் கணக்கைத் தாங்களே போட வேண்டியதில்லை. டேட்டாஷீட்டின் அட்டவணையில் உள்ளீட்டு எல்லை ஒரு வரியிலும் வெளியீட்டு எல்லை இன்னொரு வரியிலும் இருக்கும். ஒவ்வொரு வரியும் தனித்தனியே உண்மை. இரண்டும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதை அந்த அட்டவணை சொல்லாது. அதைச் சொல்வது, சில பக்கங்கள் தள்ளி வரும் ஒரு வரைபடம். கிடை அச்சில் வெளியீடு, செங்குத்து அச்சில் பொது மின்னழுத்தம், நடுவே அறுகோணமாகவோ வைரம்போலவோ ஓர் உருவம். உங்கள் புள்ளி அந்த உருவத்துக்குள் இருந்தால் சுற்று வேலை செய்யும், வெளியே போனால் செய்யாது. ஏடி 8237 போல வேறு உள்ளமைப்பு கொண்ட ஐ.சி.களில் மட்டும் இந்த உருவம் ஏறத்தாழச் செவ்வகமாக இருக்கும். கடைக்குப் போகும் முன் அந்த வரைபடத்தைத் தேடி எடுங்கள். உங்கள் சென்சாரின் இரண்டு கம்பிகளையும் கிரவுண்டிலிருந்து தனித்தனியே அளந்து, அந்தப் புள்ளியைப் பென்சிலால் அதில் குறித்துப் பாருங்கள்.